கத்துகிற டயர்

செருப்பு வாங்கப் போனால் நாலு கடை ஏறி இறங்கி, போட்டு நடந்து பார்த்து, கடிக்குமா கடிக்காதா என்று கடைக்காரர் உயிரை எடுக்கிற ஜனங்கள், டயர் என்று வந்துவிட்டால் மட்டும் கறுப்பாக, வட்டமாக இருந்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் ஒரு கார் தரையைத் தொடுவது நாலே இடத்தில். ஒவ்வொரு இடமும் ஓர் உள்ளங்கை அகலம். எஞ்சின், பிரேக், பாட்டுப் பெட்டி, தோல் இருக்கை எல்லாம் அந்த நாலு உள்ளங்கை மேல் உட்கார்ந்துகொண்டுதான் இவ்வளவு ஆட்டம் போடுகின்றன. அக்கா இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனவள்.

அக்கா என்பதுதான் அந்தத் தெருவில் அவளுக்குப் பேர். அவளைவிட மூத்த லாரிக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா வைத்த டயர் கடை. அவர் போனபிறகு பெண்பிள்ளை இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள், வந்த விலைக்குத் தள்ளிவிடுவாள் என்று காத்திருந்தவர்கள் காத்தே கிடந்தார்கள். அவள் கல்லாவிலும் உட்கார்ந்தாள், சிமெண்டுத் தரையிலும் உட்கார்ந்தாள். டயரைத் தரையில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும் என்பது அவள் கட்சி. நின்றுகொண்டு பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

கடையில் டயர் கழற்றி மாட்ட ஓர் ஆள் உண்டு. அவருக்குப் பேர் மௌனி. பேரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிட வேண்டாம். காற்றடிக்கிற மெஷின் ஓடும்போதுகூட அதற்கு மேல் குரல் எழுப்பிப் பேசிக்கொண்டே இருக்கிற மனிதர். யாரோ கேலிக்கு வைத்த பேர் ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு கெட்டிக்காரியான அக்காவுக்கு ஒரே ஒரு இடத்தில் புத்தி வேலை செய்யாது. அது தம்பி விஷயம். அம்மா போனபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிப் பாடம் எழுதியவள் அவள். அடிக்கவும் மாட்டாள், அடிக்க வருகிறவரையும் விடமாட்டாள். அவன் வளர்ந்தான், வேலைக்குப் போனான், காதலித்தவளையே கட்டிக்கொண்டான், பிறகு ஒருநாள் கையிலிருந்ததையெல்லாம் துடைத்து ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினான்.

பழைய கார்தான். இரண்டே கதவு, கரும்பச்சை, தரையோடு தரையாகப் பதுங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவுடனே மௌனி அதற்குத் தவளை என்று பேர் வைத்துவிட்டார். ஆனால் மிதித்தால் அது தவளை மாதிரி போகாது. பின்சக்கரம் இரண்டும் தள்ளுகிற தள்ளில் உட்கார்ந்திருப்பவன் முதுகு இருக்கைக்குள் புதைந்துவிடும். அதில் ஏறிவிட்டால் தம்பிக்கு அவன் வயசு மறந்துவிடும், மனைவி இருப்பது மறந்துவிடும், ஊருக்கு வெளியே மலைக்குப் போகிற வளைவுச் சாலை மட்டும்தான் நினைவில் இருக்கும்.

ஒரு காலை, கடையைத் திறந்து சட்டரைத் தூக்கின கையோடு, தம்பியின் மனைவி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. செருப்பில் ஒன்று வார் அறுந்து கையில் இருந்தது.

"என்னம்மா, நடந்தா வந்தே?"

"நேத்தும் நடந்துதான் வீட்டுக்குப் போனேன் அண்ணி. அது பழகிப்போச்சு." கணவனின் அக்காவை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். "மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு வளைவுல வண்டி குறுக்கால திரும்பிடுச்சு. நான் உக்காந்திருந்த பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தா மரத்தோட உச்சி தெரியுது, அடி தெரியல. அவர் சிரிக்கிறாரு. நான் இறங்கி நடக்க ஆரம்பிச்சிட்டேன். பின்னாலேயே மெதுவா வண்டியில வந்து 'ஏறு, ஏறு'ன்னு கெஞ்சிட்டே வந்தாரு. ஏறல."

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"பின்டயர் தேஞ்சிடுச்சாம், அதனாலதான் வழுக்கிச்சாம். இன்னைக்கு உங்ககிட்ட புதுசு மாத்த வராரு. பந்தயத்துல போடுற மாதிரி டயர் வேணுமாம். அண்ணி, அத மட்டும் போட்டுடாதீங்க. நீங்க வேற எதையாவது போடுங்க. அவருக்குப் பயம் வர்ற மாதிரி ஏதாவது இருந்தா போடுங்க."

சாதாரணமாக இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் அக்கா சிரித்துவிடுவாள். பயம் வருகிற டயரை எந்தக் கம்பெனி செய்கிறது? ஆனால் அன்று சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒன்று அவள் கடையிலேயே இருந்தது.

உள்ளே அடுக்கில் இரண்டு ஜாதி டயர் அந்தக் காருக்குப் பொருந்தும். ஒன்று மெத்தென்ற ரப்பர். சாலையைக் கவ்விப் பிடிக்கும். இன்னொன்று கெட்டி ரப்பர். தினமும் வெகுதூரம் ஓடுகிறவர்கள் வாங்குவது. காரின் வேகத்தையும் எடையையும் தாங்கும், சீக்கிரம் தேயாது, ஆனால் அவ்வளவு பிடி கிடையாது. அக்கா அந்தக் கெட்டி டயரை எடுத்துவந்து தம்பி மனைவி முன்னால் நிறுத்தினாள்.

"மெத்து ரப்பர் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு வார்த்தை பேசாது. விடும்போது மொத்தமா விட்டுடும், அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. இது அப்படி இல்ல. வளைவுல கொஞ்சம் வேகமாப் போனாலே கத்த ஆரம்பிச்சிடும். கீச்சுனு ஊரே திரும்பிப் பாக்கும். கத்த ஆரம்பிச்ச பிறகும் கொஞ்ச தூரம் பிடி இருக்கும். அதுக்குள்ள எவனா இருந்தாலும் பயந்து கால எடுத்துடுவான்."

"கத்துனா நல்லதா அண்ணி?"

"கத்துனா நல்லது. இதுக்கு மேல போகாதேன்னு அது சொல்லுது. எந்தப் பொண்டாட்டி சொன்னாலும் எந்த அக்கா சொன்னாலும் கேக்காதவன், சக்கரம் கத்துனா கேட்டுத்தான் ஆகணும்."

தம்பி மனைவியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "அவர்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொன்னா போட விடுவானா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையோடு விஷயம் முடிந்தது. பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து ஓர் ஆணைக் காப்பாற்றத் தீர்மானித்துவிட்டால் பிறகு அவனிடம் யார் கேட்கப்போகிறார்கள்? அக்கா தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்று முழுக்க வெறுங்காலோடு கடையில் நடந்தாள்.

மத்தியானம் தவளை வந்தது. ஜாக்கியில் ஏற்றியதும் அக்கா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து பின்டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். வெளிப்பக்கம் பள்ளம் பள்ளமாக நல்ல அச்சு. உட்பக்க ஓரம் மொட்டையாகி, ரப்பர் போய், கம்பி நூல் வெளியே தெரிந்தது. வண்டி அழகாகப் பதுங்கி நிற்கவேண்டும் என்று சக்கரத்தை உட்பக்கம் சாய்த்து வைத்திருந்தான். சாய்ந்த சக்கரம் உள்ளோரத்தில்தான் தேயும். நின்றுகொண்டு பார்க்கிறவன் கண்ணுக்கு அது படாது.

"இதுலயாடா அவள ஏத்திட்டு மலைக்குப் போன?"

"அதான் மாத்த வந்துட்டேனே. திட்டாதக்கா, டயரக் காட்டு."

"நீயே அடுக்குல போய்ப் பாரேன்."

"எனக்கென்ன தெரியும்? முன்மூடியத் தொறந்தா உள்ள இருக்கற எஞ்சின் என் வேலை. தரையத் தொடறது உன் வேலை. உன்கிட்ட இருக்கறதுலயே நல்லாப் பிடிக்கிறது எதுவோ அதப் போடு. நான் யார்கிட்டயும் விசாரிக்கல, நேரா உன்கிட்டதான் வந்தேன்."

இதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்துபோய்க் கெட்டி டயரைத்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். அதன் அச்சு பார்க்க முரட்டுத்தனமாக, அம்பு அம்பாக, பாய்கிற மாதிரி இருக்கும். அந்தக் கம்பெனிக்காரன் எதற்கு அப்படி வரைந்தானோ, அவளுக்கு அன்று உதவியது. தம்பி அதைத் தடவிப் பார்த்து நகத்தால் அழுத்தினான்.

"மெத்து ரப்பர்தானே?"

"மெத்துதான்."

"பிடிக்குமா?"

"இதவிடப் பிடிக்கிறது என்கிட்ட இல்ல."

மௌனி கையில் இரும்புப் பட்டையோடு நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றி மெஷினில் ஏற்றினார். கடைக்கு வந்த நாளிலிருந்து அன்று ஒருநாள்தான் அவர் தன் பேருக்கு ஏற்றபடி நடந்துகொண்டார்.

மற்ற வேலை எதிலும் அக்கா குறை வைக்கவில்லை. நாலு டயரும் புதிது போட்டாள். சாய்ந்திருந்த சக்கரத்தை நேராக்கினாள். அலைன்மென்ட்டை மௌனி பார்த்தபிறகு மறுபடி தானே பார்த்தாள். காற்றை அளந்து பிடித்தாள். பொய் சொன்ன இடத்தைச் சுற்றிலும் இவ்வளவு உண்மையாக வேலை செய்தால் பொய் கொஞ்சம் சின்னதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. தம்பி கிளம்பும்போது வழக்கம்போல அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவள் கணக்கு பலித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். தம்பி மனைவி போன் செய்தாள். "முக்குல திரும்பறப்போவே கத்துது அண்ணி. சட்டுனு வேகத்தக் குறைச்சிட்டாரு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி வெளிய பாத்துட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அன்று அவளுக்கு நல்ல தூக்கம் வந்தது.

பிறகு தம்பியே வந்தான். முகம் சரியில்லை.

"அக்கா, டயர் கத்துது."

"எங்கே?"

"எங்க பாத்தாலும். லேசா ஒடிச்சாலே கத்துது. கூட வந்த என் ஃப்ரெண்டு நெட்டை கேலி பண்றான், உன் வண்டிக்குத் தொண்டை சரியில்லைன்னு. மெத்து டயர் இப்படியா கத்தும்? ஏதாவது மாறிப்போச்சா? கழட்டிட்டு வேற போட்டுடலாமா? உனக்கெதுக்குச் சிரமம், நம்ம தெருக்கோடியில புதுக்கடை ஒண்ணு தொறந்திருக்கான், அவன்கிட்ட வேணா ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அக்கா நினைத்துப் பார்த்தாள். தெருக்கோடிக் கடைக்காரன் ஒரே பார்வையில் சொல்லிவிடுவான், இது குடும்பத்தோடு ஊர் போகிறவர்கள் போடுகிற டயர் என்று. தம்பி அங்கேயே அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கேட்ட மெத்து டயரை மாட்டிக்கொண்டு, நேராக மலைக்குப் போவான். அந்த மரத்தின் உச்சி அவள் கண்முன் வந்து நின்றது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"புது டயர் அப்படித்தான்டா கத்தும். மேல் தோல் தேயணும். கொஞ்ச நாள் ஓடினா தானா அடங்கிடும். காதுல போட்டுக்காத."

"நிஜமாவா?"

"நான் எப்போடா உனக்கு டயர் விஷயத்துல பொய் சொல்லியிருக்கேன்?"

நல்ல பொய்களில் எப்போதும் கொஞ்சம் நிஜம் கலந்திருக்கும். புது டயரின் மேல் தோலில் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த வழவழப்பு இருக்கும், அது போகும்வரை நிதானமாக ஓட்டவேண்டும் என்று எல்லாக் கடையிலும் சொல்வதுதான். ஆனால் அதற்கும் இந்தக் கத்தலுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. தம்பி முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா கல்லாவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கண்டம் தப்பியதாகவே நினைத்தாள். எச்சரிக்கை மணியை அவளே கட்டிவிட்டு, அது அடித்தால் கவனிக்காதே என்று அவளே சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பது அவள் புத்தியில் ஏறவில்லை. வந்த ஆபத்தைத் தள்ளிவிட்ட நிம்மதியில் இருந்தாள்.

போன் வந்தபோது அவள் ஒரு வேன் சக்கரத்தில் ஆணி தேடிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். சாலையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. தம்பி மனைவி இறங்கி நடந்த அதே வளைவில், அந்தப் பள்ளத்தில், தவளை கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன நெட்டைக்குக் கை முறிந்ததோடு போயிற்று. தம்பியை வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் நடத்தியவள் அக்காதான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டாள், ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினாள், அழுகிறவர்களைத் தாங்கிப் பிடித்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எல்லாம் முடிந்து வீடு காலியானதும் மௌனியை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனாள். வளைவில் இறங்கி அவள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கறுப்புக் கோடுகள் அழியாமல் கிடந்தன. எங்கே திருப்பினான், எங்கே டயர் கத்த ஆரம்பித்தது, எங்கே பிடி விட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கத்த ஆரம்பித்த இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவே நிறைய தூரம் இருந்தது. காலை எடுத்திருந்தால் நின்றிருக்கும். எடுத்த தடயம் எங்கும் இல்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

அதற்கு விடை நெட்டையிடம் இருந்தது. கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் தம்பி வீட்டுக்கு வந்தான். கூடத்தில் நாற்காலிகள் இன்னும் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. தம்பி மனைவி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா பக்கத்தில் இருந்தாள். நெட்டை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நான் சொன்னேன் அக்கா. டயர் கத்துது, வேணாண்டா, மெதுவாப் போன்னு நாலு தடவ சொன்னேன். அவன் கேக்கல."

"யார் சொன்னாத்தான் கேட்டான்," என்றாள் அக்கா.

"இல்லக்கா, உங்க பேச்சக் கேட்டான்." நெட்டைக்கு அவளை ஆறுதல்படுத்தவேண்டும் என்று ஆசை. நல்லவன். "உங்க மேல அவ்ளோ மரியாதை அவனுக்கு. கடைசியாப் பேசுனதே உங்களப் பத்தித்தான். 'எங்கக்கா போட்ட டயர்டா இது, இதவிடப் பிடிக்கிறது கிடையாது. கத்தும், கத்துனா காதுல போட்டுக்காதன்னு அவளே சொல்லியிருக்கா'ன்னு சிரிச்சான். சிரிச்சிட்டு மிதிச்சான்."

அக்கா தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. நெட்டை இன்னும் ஏதேதோ சொன்னான். வலி அதிகமாக இருக்கிறது, மாத்திரை போடவேண்டும் என்று சொல்லி எழுந்துபோனான். வாசல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

தம்பி மனைவி சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு, "கத்துனா நல்லதுன்னு எனக்குச் சொன்னீங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஒவ்வொரு தடவ அது கத்தறப்பவும் நான் உங்கள நெனச்சுக்குவேன். அண்ணி பாத்துக்கறாங்கன்னு."

அக்கா தலையை ஆட்டினாள்.

"எனக்குச் சொன்னத அவருக்கு ஏன் சொல்லல?"

சொல்வதற்கு அவளிடம் பதில் இருந்தது. நீதானே வந்து கேட்டாய், நீயும்தானே மறைத்தாய் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அவள் அதைச் சொல்லவில்லை.

"சொன்னா கழட்டிடுவான்னு பயந்தேன்."

"கழட்டிட்டு அவர் கேட்டதப் போட்டிருந்தா?"

அக்கா அந்த வளைவை மனசுக்குள் மறுபடி பார்த்தாள். சாலையின் சரிவு, காய்ந்த தார், கோட்டின் நீளம், அவன் வந்திருக்கக்கூடிய வேகம். இப்போதும் ஒரு பொய் சொல்லலாம். எந்த டயர் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், விதி என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேருக்கும் ஒதுங்க ஒரு இடம் கிடைக்கும். தம்பி மனைவி அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"பிடிச்சிருக்கும்," என்றாள்.